பலமா உதைக்கிற வேட்டை ரைஃபிளுக்கு ஸ்கோப் மவுண்ட்: வாங்கறதுல இருந்து ஜீரோ பண்ற வரைக்கும்

நேத்து வரைக்கும் ஒழுங்கா சுட்டுகிட்டிருந்த .375 ரைஃபிள் (இந்த எண் ஏறக்குறைய குண்டோட விட்டம், இன்ச்ல) திடீர்னு குரூப், அதாவது ஒரே குறிக்கு சுட்ட ஓட்டைகளோட கூட்டம், சிதற ஆரம்பிச்சா எல்லாரும் முதல்ல ஸ்கோப்பைத்தான் சந்தேகப்படுவாங்க, கழட்டி கம்பெனிக்கு அனுப்புவாங்க, அங்கிருந்து "இதுல பழுது ஒண்ணும் இல்ல"ன்னு திரும்பி வரும். எனக்கும் அதேதான் நடந்துச்சு. திரும்பி வந்த ஸ்கோப்பை வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பார்த்தப்பதான் டியூப்ல ரிங் உக்காந்திருந்த இடத்துல மெல்லிசா ஒரு கோடு தெரிஞ்சுது, சுமார் 2 மில்லிமீட்டர் நீளம், நேரா முன்பக்கமா ஓடியிருந்துச்சு. அதாவது ஸ்கோப்புக்குள்ள எதுவும் உடையல, ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஸ்கோப் ரிங்குக்குள்ள கொஞ்சம் கொஞ்சமா முன்னாடி நழுவிகிட்டே இருந்திருக்கு. லென்ஸுக்கு அவ்வளவு செலவு பண்ணிட்டு அதைப் புடிச்சிருக்கற ரிங்கை நான் யோசிக்காம மாட்டியிருந்தேன். அதுக்கப்புறம் கத்துகிட்டதை எல்லாம் இங்க எழுதறேன். லைசென்ஸ் வச்சு சட்டப்படி வேட்டையாடறவங்க, .300 வின்செஸ்டர் மேக்னத்துல இருந்து .458 வரைக்கும் வச்சிருக்கவங்க, வாங்கறதுக்கு முன்னாடியே ஒரு தடவை முழுசா படிச்சுடுங்க.

ஸ்கோப் ஏன் முன்னாடி நகருது

பஸ்ஸுல நின்னுகிட்டிருக்கும்போது டிரைவர் சட்டுனு வண்டியை எடுத்தா நாம பின்னாடி சாயறோம்ல, யாரும் நம்மளத் தள்ளல, வண்டிதான் நம்ம காலுக்கடியில முன்னாடி போகுது. இங்க அது தலைகீழா நடக்குது. ரைஃபிள் பின்னாடி பாயுது, ஸ்கோப் இருந்த இடத்துலயே இருக்கப் பார்க்குது, ரைஃபிள்ல இருந்து பார்த்தா ஸ்கோப் முன்னாடி ஓடற மாதிரி ஆகுது. இந்த "முன்னாடி"ங்கற திசையை மனசுல வச்சுக்கோங்க, கீழ பல இடத்துல இது வரும்.

எவ்வளவு விசைன்னு நானே ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். .375 எச் அண்ட் எச்ல 300 கிரெயின் குண்டு, அதாவது 19.4 கிராம், நொடிக்கு சுமார் 770 மீட்டர் வேகத்துல போகுது. ரைஃபிள் 4.3 கிலோன்னு வச்சுகிட்டா குண்டு குழலை விட்டு வெளிய வர்ற நேரத்துக்குள்ளயே ரைஃபிள் நொடிக்கு ஏறக்குறைய 3.9 மீட்டர் வேகத்துல பின்னாடி வந்துடுது. இதுக்கு ஆகற நேரம் 1.4 மில்லிசெகண்ட் போல. அப்படின்னா அரைக்கிலோ ஸ்கோப்பைக் கூடவே இழுத்துகிட்டு போக சராசரியா 1400 நியூட்டன் வேணும், கிட்டத்தட்ட 140 கிலோ எடையைத் தொங்க விட்ட மாதிரி. இது சராசரிதான், உச்சத்துல இதை விட அதிகமா இருக்கும். அதே இடத்துல 300 கிராம் ஸ்கோப்னா சுமார் 85 கிலோதான் வருது. .30-06ல உதையோட ஆற்றல் 20 ஃபுட்-பவுண்ட் பக்கம், .375ல 36 பக்கம், .458 வின்செஸ்டர் மேக்னத்துல 55ஐத் தாண்டிடும். அதனால ".30-06ல அஞ்சு வருஷம் நல்லா இருந்த மவுண்ட்"ங்கறது இங்க எந்த உத்தரவாதமும் கிடையாது.

முன்முனையில பெரிய மசில் பிரேக் (வெடிப் புகையைப் பக்கவாட்டுல திருப்பி உதையைக் குறைக்கற துண்டு) போட்டிருந்தா தோளுக்கு உதை குறையும், ஆனா ஸ்கோப்புக்கு சுகம்னு நினைச்சுடாதீங்க. முதல்ல பின்னாடி இழுப்பு, உடனே பிரேக் ரைஃபிளை முன்னாடி இழுக்கறதால எதிர்த் திசையில ஒரு அடி, ரெண்டும் சேர்ந்து வாங்குது.

மூணு ஜாயின்ட், ஒரே கேள்வி

ரைஃபிளுக்கும் ஸ்கோப்புக்கும் நடுவுல மூணு ஜாயின்ட் இருக்கு. ரிசீவர் (போல்ட் ஓடற, குழல் மாட்டியிருக்கற ரைஃபிளோட நடு உடம்பு) மேல பேஸ், அதாவது ரிங்குக்கு அடியில போடற கட்டை, உக்காரற இடம், பேஸ் மேல ரிங் உக்காரற இடம், ரிங்குக்குள்ள டியூப் உக்காரற இடம். ஒவ்வொண்ணுலயும் நான் கேக்கற கேள்வி ஒண்ணுதான்: இது முன்னாடி போகாம எது தடுக்குது? "ஸ்க்ரூ தடுக்குது"ன்னு பதில் வந்தா அந்த ஜாயின்ட் பலவீனம்னு அர்த்தம். ஸ்க்ரூவோட வேலை ரெண்டு இரும்பையும் அழுத்திச் சேர்த்துப் புடிக்கறது, குறுக்க அடி வாங்கறது அதோட வேலை இல்ல. இரும்பு இரும்புல முட்டி நிக்கணும், ஸ்க்ரூ அதை அங்கயே வச்சிருக்கணும், அவ்வளவுதான். இதை வச்சே கடையில நிக்கும்போது பாதி மவுண்டை ஒதுக்கிடலாம்.

முதல்ல ஸ்கோப்பையே கொஞ்சம் பாருங்க

மவுண்ட் பத்தின கட்டுரையில ஸ்கோப் எதுக்குன்னு கேக்கலாம், ஆனா மேல போட்ட கணக்குப்படி மவுண்ட் தாங்கற சுமையை முடிவு பண்றதே ஸ்கோப்போட எடைதான். இந்த மாதிரி ரைஃபிளுக்கு 1-4, 1.5-5, 1-6 பவர்ல, முன்பக்கம் மணி மாதிரி விரியாம நேர்குழாயா இருக்கற ஸ்கோப் ரொம்பப் பொருத்தம். எடை கம்மி, தாழ்வா மாட்டலாம், ரிங் வைக்க இடமும் நிறைய. 56 மில்லிமீட்டர் முன்கண்ணாடி, 700 கிராம் எடைன்னு இருக்கறதை .416 மேல ஏத்தறதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

ஐ ரிலீஃப், அதாவது கண்ணுக்கும் கண்ணாடிக்கும் நடுவுல இருக்க வேண்டிய தூரம், குறைஞ்சது 90 மில்லிமீட்டர், 100 கிடைச்சா இன்னும் நல்லது. சில ஸ்கோப்புல பவரைக் கூட்டக் கூட்ட இந்த தூரம் குறையும், அதனால அதிகபட்ச பவர்ல எவ்வளவுன்னு கேட்டு வாங்குங்க. இது சரியில்லன்னா புருவத்துல பிறை மாதிரி வெட்டு விழும், அது வெறும் தழும்போட நிக்காது, அடுத்த ஷாட்ல இருந்து மனசு பயப்பட ஆரம்பிச்சு ட்ரிகரை வெடுக்குனு இழுக்க வச்சுடும்.

பெருசா யாரும் பேசாத இன்னொரு விஷயம் இருக்கு. .375 எச் அண்ட் எச் தோட்டாவோட முழு நீளம் 91 மில்லிமீட்டருக்கு மேல, அதுக்குத் தகுந்தாப்புல மேக்னம் ஆக்ஷனும் நீளம், ரெண்டு பேஸுக்கு நடுவுல இடைவெளியும் அதிகம். சின்ன ஸ்கோப்புகள்ல டரட்டுக்கு (ஸ்கோப் நடுவுல குறியைத் திருத்தற குமிழ்) முன்னாடியும் பின்னாடியும் ரிங் கவ்வறதுக்கு டியூப் பத்தாமப் போயிடும். காசு குடுக்கறதுக்கு முன்னாடி ரிங் இடைவெளியையும் ஸ்கோப்போட டியூப் நீளத்தையும் அளந்துடுங்க. பத்தலன்னா ஒரு பக்கமா நீட்டிகிட்டிருக்கற எக்ஸ்டென்ஷன் ரிங், இல்லன்னா பல காடி இருக்கற ரெயில்தான் வழி.

பேஸ் தேர்வு

ரிசீவரோட சேர்த்தே வெட்டின பேஸ் இருந்தா அதுக்கு நிகர் வேற இல்ல, முதல் ஜாயின்டே இல்லாமப் போயிடுது. ரூகர் எம்77ல ரிசீவர் மேலயே ரிங் உக்கார இடம் வெட்டி, அரைவட்டக் குழியும் குடுத்திருப்பாங்க, ரிங்கோட அடிப்பக்க மேடு அதுல போய் உக்காந்துடும். சிஇசட் 550ல 19 மில்லிமீட்டர் டவ்டெயில் (புறா வால் மாதிரி மேல விரிஞ்ச மேடு) ரிசீவர்லயே இருக்கு. இப்படி இருந்தா அதை விட்டுட்டு மேல இன்னொரு ரெயில் போட்டு எக்ஸ்ட்ரா ஜாயின்ட் உண்டாக்காதீங்க.

ஸ்க்ரூ போட்டு மாட்டற பேஸ்னா ஸ்டீல் வாங்குங்க. அலுமினியம்னா 7075 டி6 ரகம் பரவாயில்ல, எந்த ரகம்னே சொல்லாத அலுமினியம் வேணாம். ரெமிங்டன் 700, வின்செஸ்டர் 70 மாதிரி ரைஃபிள்கள்ல வழக்கமா வர்றது 6-48 ஸ்க்ரூ, விட்டம் 0.138 இன்ச். கன்ஸ்மித்கிட்ட குடுத்தா அந்த ஓட்டையைப் பெருசாக்கி 8-40 போட்டுத் தருவார், விட்டம் 0.164 இன்ச். பார்க்க சின்ன வித்தியாசம்தான், ஆனா பரப்புல கணக்குப் போட்டா 40 சதவீதம் கூட. .375க்கு மேல எந்த ரைஃபிளா இருந்தாலும் இந்த வேலையை நான் கட்டாயம்னே சொல்லுவேன். அதோட சில பேஸ்கள்ல ரிசீவரோட விளிம்புல போய் முட்டற மாதிரி கீழ ஒரு மேடு இருக்கும், அது இருந்தா ஜாயின்டோட சுமையை அதுவே வாங்கிக்கும். இல்லன்னா பேஸுக்கும் ரிசீவருக்கும் சேர்த்து சின்ன ஸ்டீல் பின் அடிக்கச் சொல்லலாம்.

ஒரே துண்டு ரெயிலா, ரெண்டு தனித்தனி பேஸான்னு எப்பவும் ஒரு விவாதம் ஓடும். ரெயில் போட்டா ரெண்டு ரிங்கும் ஒரே நேர்கோட்டுல நிக்கும், ரிங்கை வேணுங்கற காடியில வைக்கலாம். ஆனா மேகசினுக்கு மேல அது குறுக்க நிக்கறதால மேலருந்து கையால தோட்டா போடறது சிரமம். காட்டெருமை மாதிரி ஆபத்தான விலங்கு முன்னாடி அவசரமா ரீலோட் பண்ண வேண்டிய ரைஃபிள்ல எனக்கு ரெண்டு துண்டு ஸ்டீல் பேஸ்தான் சரின்னு படுது. தூரத்துல நின்னு சுடற .338க்கு ரெயில் நல்லது.

வீவர், பிக்கட்டினின்னு காடி வெட்டின பேஸ் ரெண்டு வகை இருக்கு, ரெண்டும் பார்க்க ஒண்ணு மாதிரியே இருக்கும், ஆனா ஒண்ணு இல்ல. பிக்கட்டினி 1995ல அமெரிக்க ராணுவத் தரமா வந்தது, எண் 1913, காடி அகலம் 0.206 இன்ச், அடுத்தடுத்த காடிக்கு நடுவுல 0.394 இன்ச், எங்க போனாலும் அதே அளவு. வீவர்ல காடி அகலம் 0.180 இன்ச், இடைவெளிக்கு ஒரே அளவுன்னு கிடையாது. வீவர் ரிங் பிக்கட்டினி மேல பெரும்பாலும் உக்காந்துடும், ஆனா காடிக்குள்ள ஆட்டம் இருக்கும், அந்த ஆட்டத்தை எப்படி சரி பண்றதுன்னு கீழ வருது. பிக்கட்டினி ரிங்கோட குறுக்குக் கட்டை வீவர் காடிக்குள்ள போகாது. முடிஞ்சா பேஸும் ரிங்கும் ஒரே கம்பெனியில, ஒரே தரத்துல வாங்கிடுங்க.

முன் ரிங்கைத் திருப்பி மாட்டி, பின் ரிங்கை மட்டும் ரெண்டு பக்கமும் ஸ்க்ரூ தலையால புடிக்கற பழைய டிசைன் ஒண்ணு இருக்கு, காத்துத் திருத்தம் (குறியை இடம் வலமா நகர்த்தறது) பண்ண வசதியா இருக்கும். லேசான ரைஃபிளுக்கு தாராளமா போடலாம். நம்ம கேள்வியை இதுகிட்ட கேட்டுப் பாருங்க, பின் ரிங் முன்னாடி போகாம தடுக்கறது அந்த ரெண்டு ஸ்க்ரூ தலையோட விளிம்பு மட்டும்தான். பலமா உதைக்கிற ரைஃபிள்ல இதைத் தவிர்த்துடுங்க. அதே குடும்பத்துல ரெண்டு ரிங்கும் டவ்டெயிலா திரும்பி மாட்டறது இருக்கு, அது நல்லா தாங்கும்.

ரிங் தேர்வு

அகலமான ரிங், ஒவ்வொரு ரிங்குலயும் நாலு ஸ்க்ரூ, ஸ்டீல், அடியில காடிக்குள்ள உக்காரற சதுரக் கட்டை, இவ்வளவுதான் தேவை. உருண்டை போல்ட் காடிக்குள்ள கோடா மட்டும்தான் தொடும், சதுரக் கட்டை முழு முகத்தோட தொடும், அதனால சதுரம் மேல். 30 மில்லிமீட்டர் டியூப்ல 1 இன்ச் டியூபை விட ரிங் கவ்வற பரப்பு அதிகம், ஆனா 30 மில்லிமீட்டர் ஸ்கோப் பொதுவா எடையும் கூட, அதனால அதுக்காகவே பெருசு வாங்க வேண்டியதில்ல.

உயரம் எவ்வளவு கம்மியோ அவ்வளவு நல்லது. உயரமான ரிங் கடப்பாரை மாதிரி வேலை செஞ்சு பேஸ் ஸ்க்ரூவை நெம்பும், கன்னமும் ஸ்டாக்ல ஒழுங்கா படியாது. ஆனா போல்ட் கைப்பிடியை முழுசா மேல தூக்கிப் பாருங்க, கண்ணாடிப் பக்கம் இடிக்கக்கூடாது. பழைய மவுசர் 98ல மேல கொடி மாதிரி திரும்பற சேஃப்டி தாழ்வா இருக்கற ஸ்கோப்புல முட்டும், அதை மாத்தாம தாழ்வான ரிங் போட முடியாது.

உள்பக்கம் பிளாஸ்டிக் வளையம் வச்ச ரிங்கைப் பார்த்து நான் முதல்ல நம்பல. பரிஸ் கம்பெனியோட சிக்னேச்சர் ரிங் அந்த வகை. உள்வளையம் கோள வடிவுல இருக்கறதால தானே திரும்பி டியூபோட நேராகிக்கும், வழவழப்பான உலோகத்தை விட டியூபை நல்லாவே கவ்வும், கீறலும் விழாது. .375 வரைக்கும் தைரியமா போடலாம். .458 வகைக்கு மூணு ரிங் போடறது பழைய, நம்பகமான வழி, டியூப்ல இடம் இருந்தா யோசிக்காம செய்யுங்க.

பார்வை முள் வச்ச ரைஃபிள்னா கழட்டி மாட்டற லீவர் ரிங் நல்லது, மழையிலயோ விழுந்தோ ஸ்கோப் போயிட்டா நொடியில கழட்டிட்டு முள்ளை வச்சு சுடலாம்.

இனி மாட்டற வேலை

ரைஃபிள் காலியான்னு கண்ணாலயும் விரலாலயும் பாருங்க, போல்ட்டை வெளிய எடுத்துடுங்க, தோட்டா எதுவும் அந்த மேசை மேல இருக்கக்கூடாது. கையில இருக்க வேண்டியது: இன்ச்-பவுண்ட் டார்க் டிரைவர் (எவ்வளவு பலமா இறுக்கறோம்னு அளந்து காட்டற ஸ்க்ரூடிரைவர்), ஸ்க்ரூவுக்கு சரியா பொருந்தற பிட், அசிட்டோன் இல்லன்னா ஐசோபுரொபைல் ஆல்கஹால், நீல லாக்டைட் (ஸ்க்ரூ தளராம மரையில ஒட்டிக்கற பசை), ஒரு தூக்குக்குண்டு. டார்க் டிரைவர் இல்லாம கை உணர்வுல இறுக்கறவங்க நிறையப் பேர் இருக்காங்க, நானும் இறுக்கியிருக்கேன், கை ஒரே மாதிரி இறுக்கவே இறுக்காது, ஒரு ரிங் தளர்வும் ஒரு ரிங் டியூபை நசுக்கறதுமா போயிடும்.

ரிசீவர் ஓட்டை, ஸ்க்ரூ, பேஸ் அடி எல்லாத்துலயும் எண்ணெயைச் சுத்தமா எடுங்க. கம்பெனியிலிருந்து வர்ற புது ரிசீவர்ல துருப் புடிக்காம இருக்க பூசின எண்ணெய் ஓட்டைக்குள்ள நிறைய இருக்கும், பஞ்சுக் குச்சியில நாலஞ்சு தடவையாவது துடைக்கணும். அப்புறம் பேஸை ஸ்க்ரூ இல்லாம வச்சு ஒரு மூலையை விரலால அழுத்துங்க. எதிர்மூலை எழும்புச்சுன்னா பேஸ் சமமா உக்காரலன்னு அர்த்தம், அப்படியே இறுக்கினா பேஸ் வளையும், அது ரிங்கை வளைக்கும், கடைசியில ஸ்கோப் டியூப் வளையும். இதுக்கு எபாக்ஸி பெட்டிங் பண்ணணும்: ரிசீவர் பக்கம் மெழுகு ஷூ பாலிஷ் தேய்ச்சு ஒட்டாம பண்ணிட்டு, பேஸ் அடியில ஸ்டீல் கலந்த எபாக்ஸியை மெல்லிசா பூசி, ஸ்க்ரூவை லேசா மட்டும் புடிக்க விட்டு ஒரு நாள் காய விடணும். ஓட்டைக்குள்ள எபாக்ஸி போயிடாம பாலிஷ் அங்கயும் தேய்ங்க. பொறுமையா பண்ண வேண்டிய வேலை, ஆனா முதல் ஜாயின்டுக்கு இதைவிட நல்ல மருந்து இல்ல.

ஸ்க்ரூ நீளத்தையும் இப்பவே பாருங்க. முன் பேஸோட முன் ஸ்க்ரூ கொஞ்சம் நீளமா இருந்தா உள்ள பேரல் மரையில முட்டி நிக்கும், நமக்கு இறுகின மாதிரி தெரியும், ஆனா பேஸ் தளர்வாவே இருக்கும். பேஸ் இல்லாம ஸ்க்ரூவைப் போட்டு எத்தனை சுத்து போகுதுன்னு எண்ணி, பேஸோட எண்ணி, ஒப்பிட்டா தெரிஞ்சுடும். எல்லா ஸ்க்ரூவும் போட்டப்புறம் போல்ட்டை ஓட்டிப் பார்த்து எதுவும் உரசலைன்னு உறுதி பண்ணிக்கோங்க.

பேஸ் ஸ்க்ரூவுக்கு ஒரு சொட்டு நீல லாக்டைட், 243 கொஞ்சநஞ்ச எண்ணெய் இருந்தாலும் தாங்கும். சிவப்பு வேணாம், அதைக் கழட்ட நல்லா சூடு காட்டணும், அந்த சூடு ரிசீவருக்கு நல்லதில்ல. டார்க் 6-48க்கு 20 இன்ச்-பவுண்ட் பக்கம், 8-40க்கு 25 பக்கம். 20ங்கறது 2.3 நியூட்டன் மீட்டர். உங்க மவுண்ட் கம்பெனி வேற எண் குடுத்திருந்தா அதையே எடுத்துக்கோங்க. லாக்டைட் ஈரமா இருக்கும்போது மரையில வழுக்கல் குடுக்கும், அதே டார்க்ல ஸ்க்ரூ கூடுதலா இறுகும், அதனால கம்பெனி எண் உலர்ந்த மரைக்கா ஈர மரைக்கான்னு மவுண்டோட வர்ற தாள்ல பாருங்க.

அடுத்தது ரிங்கை பேஸ்ல மாட்டறது, ரொம்பப் பேர் கோட்டை விடற இடம் இதான். காடிக்குள்ள ரிங்கோட கட்டையை வச்சு, இறுக்கறதுக்கு முன்னாடி ரிங்கை முன்பக்கமா, அதாவது குழல் முனையைப் பார்த்து, முட்டற வரைக்கும் தள்ளிப் புடிச்சுக்கோங்க, தள்ளின நிலையிலயே இறுக்குங்க. உதைக்கும்போது ரிங் போகப் பார்க்கற திசையில ஏற்கனவே இரும்பு முட்டி நிக்குது, இனி நகர இடமே இல்ல. பின்பக்கமா இருக்கும்போது இறுக்கிட்டா முதல் சில ஷாட்லயே அந்த இடைவெளியை ரிங் தாண்டும், ஜீரோ, அதாவது குறி வச்ச இடத்துலயே குண்டு விழற மாதிரி சரி பண்ணி வச்சது, மாறும், நீங்க திருத்துவீங்க, மறுபடி மாறும். மேல சொன்ன வீவர் ரிங்கோட ஆட்டத்துக்கும் இதேதான் வழி. குறுக்கு நட் பெருசா இருக்கற ரிங்குகளுக்கு 65 இன்ச்-பவுண்ட் வரைக்கும் சொல்லுவாங்க, சின்ன ஸ்க்ரூ வச்சதுக்கு அதுல பாதி கூட இருக்காது, அதனால தாளைப் பார்க்காம இறுக்காதீங்க.

ரெண்டு ரிங்கும் நேர்கோட்டுல இருக்கான்னு ஒரு ஸ்டீல் தண்டை வச்சுப் பாருங்க. கொஞ்சம் விலகல்னா அதே தண்டுல லேப்பிங் பேஸ்ட் (உலோகத்தைத் தேய்ச்சு சமமாக்கற பசை) தடவி முன்னும் பின்னுமா தேய்க்கலாம், கீழ் ரிங்ல முக்கால் பாகம் பளபளன்னு ஆனா போதும், அதுக்கு மேல தேய்ச்சா ரிங் வட்டமே பெருசாகி புடி போயிடும். பிளாஸ்டிக் வளையம் வச்ச ரிங்குக்கு லேப்பிங் கிடையாது. விலகல் அதிகமா இருந்தா தேய்க்காதீங்க, பேஸைத் திரும்பப் பாருங்க, தப்பு அங்கதான் இருக்கும்.

மூணாவது ஜாயின்ட்ல முட்டறதுக்கு இரும்பு எதுவும் இல்ல, உராய்வு மட்டும்தான் நமக்குத் துணை. அதனால இங்க சுத்தம்தான் முக்கியம். ரிங் உள்பக்கம், டியூப் ரெண்டையும் ஆல்கஹால் போட்டு துடைச்சுட்டு விரல் படாம வைங்க. பலமா உதைக்கிற ரைஃபிளுக்கு கீழ் ரிங்ல ரோசின் பவுடர் லேசா தூவலாம், வயலின் வில்லுல தேய்ப்பாங்களே அதே ரோசின். என்னோட .375க்கு இதைப் போட்டதுல இருந்து டியூப் நகரவே இல்ல. டரட் இருக்கற தடிச்ச பாகத்தை ரிங்ல முட்ட வச்சு நிறுத்தலாம்னு சிலர் சொல்லுவாங்க, நான் ஒத்துக்க மாட்டேன், உள்ள இருக்கற மெக்கானிசம் அங்கதான் இருக்கு, ஒவ்வொரு உதையும் அதுல போய் விழும். ரெண்டு, மூணு மில்லிமீட்டர் இடைவெளி விடுங்க, பவர் வளையத்துக்கிட்டயும் அதே.

ரிங்கோட மேல் மூடியை லேசா மட்டும் போட்டு, பவரை உச்சத்துல வச்சு, வேட்டைக்குப் போடற அதே தடிச்ச ஜாக்கெட்டைப் போட்டுகிட்டு, கண்ணை மூடி ரைஃபிளைத் தோள்ல ஏத்துங்க. கன்னம் படிஞ்சப்புறம் கண்ணைத் திறந்தா முழுப் படமும் தெரியணும். தலையை நீட்டித் தேட வேண்டியிருந்தா ஸ்கோப் தூரத்துல இருக்கு. நின்னுகிட்டு, உக்காந்துகிட்டு, படுத்துகிட்டு மூணுலயும் பாருங்க, படுத்தா கண்ணு தானா முன்னாடி போயிடும், அந்த நிலையிலயும் போதுமான தூரம் இருக்கணும். சந்தேகமா இருந்தா ஸ்கோப்பை முன்னாடி தள்ளி வைங்க.

குறுக்குக்கோடு நேரா நிக்க, ரைஃபிளை மட்டம் வச்சு, 20 மீட்டர் தள்ளி தூக்குக்குண்டைத் தொங்க விட்டு, கோட்டை நூலோட சேர்த்துக்கோங்க. அப்புறம் மூடி ஸ்க்ரூவை குறுக்கும் நெடுக்குமா, ஒவ்வொண்ணையும் கால் சுத்து கால் சுத்தா இறுக்கிகிட்டு வாங்க, ரெண்டு பக்க இடைவெளியும் ஒண்ணா இருக்கணும். ஒரு பக்கத்தை முழுசா மூடிட்டு மறுபக்கத்தை இறுக்கற டிசைனும் இருக்கு, அதுக்கு அதோட தாள்தான். பொதுவா 15ல இருந்து 18 இன்ச்-பவுண்ட். "பெரிய ரைஃபிள்தானே"ன்னு 25க்குப் போகாதீங்க, டியூப் உள்பக்கமா நசுங்கி உள்ளிருக்கற லென்ஸ் நகர்றது தடைபடும், அதுக்கப்புறம் டரட் திருப்பினா குண்டு எங்க போகும்னு சொல்ல முடியாது. மூடி ஸ்க்ரூவுக்கு நான் லாக்டைட் போடறதில்ல.

லாக்டைட் முழுசா காய 24 மணி நேரம் விடுங்க, அன்னைக்கே சுடப் போகாதீங்க. மறுநாள் போல்ட்டை எடுத்துட்டு குழல் வழியா 25 மீட்டர்ல ஒரு புள்ளியைப் பார்த்து ஸ்கோப்பை அதுக்கு சேருங்க, முதல்ல 25லயே சுட்டு, அப்புறம் 100 போங்க. அஞ்சு ஷாட் ஆனதும் நிறுத்தி டார்க் டிரைவரை அதே எண்ல வச்சு எல்லா ஸ்க்ரூவையும் தொட்டுப் பாருங்க, 20 ஷாட்ல இன்னொரு தடவை. லாக்டைட் போட்ட பேஸ் ஸ்க்ரூவை மட்டும் திருப்ப வேணாம், நகர்ந்திருக்கான்னு பார்த்தா போதும்.

லீவர் ரிங் போட்டவங்க, மூணு ஷாட் சுட்டு, ஸ்கோப்பைக் கழட்டி, முன்பக்கம் தள்ளி திரும்ப மாட்டி மூணு ஷாட், இப்படி மூணு தடவை பண்ணுங்க. ஒன்பது ஓட்டையும் உங்க வழக்கமான குரூப்புக்குள்ளயே விழுந்தா அந்த மவுண்டை நம்பலாம்.

எல்லாம் சரியா உக்காந்தப்புறம் ஒரு பெயின்ட் பேனா எடுத்து, ஸ்க்ரூ தலையில இருந்து ரிங்குக்கும், ரிங் விளிம்புல இருந்து டியூபுக்கும், பேஸ்ல இருந்து ரிசீவருக்கும் மெல்லிசா ஒரு கோடு போட்டு வைங்க. பயணம் முடிஞ்சு ரைஃபிளை எடுக்கும்போது முதல்ல இந்தக் கோடுகளைப் பாருங்க. எங்க கோடு விலகியிருக்கோ அந்த ஜாயின்டை மட்டும் கழட்டி, துடைச்சு, மறுபடி மாட்டுங்க, எல்லாக் கோடும் நேரா இருந்தும் குரூப் சிதறுச்சுன்னா அப்ப ஸ்கோப்பைக் கழட்டி கம்பெனிக்கு அனுப்புங்க.